கணினியில் ஃபைல் எங்கே போனது? தேடவும் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டியவை

நேற்று சேமித்த ஃபைல் இன்று கண்ணில் படவில்லை என்றால், அது அழிந்துபோயிருக்கும் வாய்ப்பு குறைவு. வேறு ஏதாவது ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும். அல்லது நீங்கள் நினைக்கிற பெயரில் இருக்காது. அதுவும் இல்லையென்றால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற அதே ஃபோல்டரில் இருந்தும் விண்டோஸ் அதைக் காட்டாமல் வைத்திருக்கும். இந்தக் கடைசிக் காரணம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. அதனால் தேடும் பெட்டியில் பெயரைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு, 'போச்சு' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

தேடத் தொடங்கும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. எந்த மென்பொருளில் அதை உருவாக்கினீர்கள்? கடைசியாக எப்போது திறந்தீர்கள்? படமா, வேர்டு ஃபைலா, பிடிஎஃப்பா? எந்த வழியாகக் கணினிக்குள் வந்தது: மெயிலா, பிரவுசரா, பென் டிரைவா? பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் இவற்றில் இரண்டுக்குப் பதில் தெரிந்தாலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே சொல்லும் படிகள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்குமானவை. வேறுபடும் இடங்களில் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம். மேக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

முதலில் முகவரி

விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு ஆங்கில இ எழுத்தைத் தட்டினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். விண்டோஸ் 11-இல் 'ஹோம்' பக்கமும், விண்டோஸ் 10-இல் 'குயிக் ஆக்சஸ்' பக்கமும் முதலில் வரும். இவை உண்மையான ஃபோல்டர்கள் அல்ல. அடிக்கடி பயன்படுத்தும் ஃபோல்டர்களையும் சமீபத்தில் திறந்த ஃபைல்களையும் திரட்டிக் காட்டும் பக்கங்கள், அவ்வளவுதான். அங்கே ஒரு ஃபைல் தெரிகிறது என்பதால் அது அங்கேதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் மேல் வலது கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் அது குடியிருக்கும் ஃபோல்டர் திறக்கும்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் முழு முகவரி ஒன்று உண்டு. டிரைவின் எழுத்தில் தொடங்கி, ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கி, ஃபைலின் பெயரில் முடியும். நடுவில் இருப்பவற்றைப் பின்சாய்வுக் கோடு பிரிக்கும். விண்டோஸ் பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும். உங்கள் சொந்த ஃபைல்கள் அதில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள், உங்கள் கணக்கின் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் சேரும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் வழக்கமாக அதற்குள்தான். டெஸ்க்டாப் என்பது திரை மட்டுமல்ல, அதுவும் ஒரு ஃபோல்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

எக்ஸ்ப்ளோரரின் மேலே இருக்கும் முகவரிப் பட்டையில் காலியிடத்தைக் கிளிக் செய்தால், அல்லது கண்ட்ரோல் + எல் அழுத்தினால், இப்போது நிற்கும் இடத்தின் முழு முகவரி எழுத்தாக மாறித் தெரியும். சில நேரம் 'டெஸ்க்டாப்' என்று பெயர் மட்டும் வரும். அப்போது உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் + என்டர் அழுத்துங்கள். திறக்கும் 'பிராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'லொகேஷன்' என்ற வரியில் இருப்பதுதான் உண்மையான இடம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான ஒன்ட்ரைவ். பல கணினிகளில் ஒன்ட்ரைவ் பேக்கப் இயங்கத் தொடங்கியதும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்ட்ரைவ் ஃபோல்டருக்குள் மாற்றப்பட்டிருக்கும். ஆனால் பழைய இடத்திலும் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் மிச்சம் இருக்கலாம். ஒரு மென்பொருள் பழைய டாக்குமென்ட்ஸில் சேமிக்கும், நீங்கள் புதிய டாக்குமென்ட்ஸில் தேடுவீர்கள். பெயர் ஒன்று, இடம் இரண்டு. உங்கள் கணக்கின் பெயரில் உள்ள ஃபோல்டரைத் திறந்து, அங்கே நேராக இருக்கும் டாக்குமென்ட்ஸையும், ஒன்ட்ரைவுக்குள் இருக்கும் டாக்குமென்ட்ஸையும் இரண்டையும் பாருங்கள்.

ஆழமான ஃபோல்டருக்குள் சென்று வழி தெரியாமல் நின்றால் ஆல்ட் + மேல் அம்புக்குறி ஒரு படி மேலே கொண்டுபோகும். ஆல்ட் + இடது அம்புக்குறி, முன்பு பார்த்த இடத்துக்குத் திரும்பும். இரண்டும் ஒன்றல்ல. இடப்பக்கப் பட்டியில் காலியிடத்தில் வலது கிளிக் செய்து 'எக்ஸ்பாண்ட் டு கரண்ட் ஃபோல்டர்' என்பதைத் தேர்வு செய்துவிட்டால், நீங்கள் எங்கே போனாலும் அந்த இடம் இடப்பக்கத்துக் கிளைகளில் விரிந்து தெரியும். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

தேடும் முன், உருவாக்கிய மென்பொருளைக் கேளுங்கள்

கணினி முழுவதும் தேடுவதைவிட, அந்த ஃபைலைக் கடைசியாகத் தொட்ட மென்பொருளைத் திறப்பது வேகமான வழி. வேர்டு, எக்செல் போன்றவற்றில் கண்ட்ரோல் + ஓ அழுத்தினால் சமீபத்தில் திறந்த ஃபைல்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் கீழும் அது இருக்கும் இடம் சிறிய எழுத்தில் இருக்கும். மென்பொருளைத் திறக்காமலே, டாஸ்க்பாரில் இருக்கும் அதன் ஐகான் மேல் வலது கிளிக் செய்தாலும் பட்டியல் கிடைக்கும்.

ஃபைல் திறந்தே இருக்கிறது, ஆனால் எங்கே சேமிக்கப்படுகிறது என்று தெரியவில்லையா? வேர்டிலும் எக்செலிலும் எஃப்12 அழுத்துங்கள். 'சேவ் அஸ்' பெட்டி அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே திறக்கும். மேலே முகவரியைப் படித்துக்கொண்டு 'கேன்சல்' கொடுத்துவிடலாம்.

பிரவுசரில் இறக்கியது என்றால் கண்ட்ரோல் + ஜே. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இறக்கியவற்றின் பட்டியல் இதில் வரும். பக்கத்திலேயே ஃபோல்டரைத் திறக்கும் பொத்தானும் இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து கண்ணால் தேடுவதைவிட இது நல்லது. இறக்கும்போது இடத்தை மாற்றியிருந்தாலும் இந்தப் பட்டியல் சரியான இடத்தைக் காட்டிவிடும்.

மெயிலில் வந்த இணைப்புகள்தான் பெரிய தலைவலி. மெயில் மென்பொருளில் இணைப்பை நேரடியாக இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், அது ஒரு தற்காலிக ஃபோல்டரில் நகலாகத் திறக்கும். அந்தத் தற்காலிக ஃபோல்டர், மறைத்து வைக்கப்பட்டிருக்கும் 'ஆப் டேட்டா' என்ற ஃபோல்டருக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும். அதில் இரண்டு மணி நேரம் திருத்தம் செய்து, கண்ட்ரோல் + எஸ் அழுத்தி, மூடிவிடுகிறீர்கள். பிறகு மெயிலில் போய் மறுபடி திறந்தால் பழைய, திருத்தாத ஃபைல் வரும். தேடும் பெட்டியிலும் கிடைக்காது. ஏனென்றால் ஆப் டேட்டாவை விண்டோஸ் இயல்பாகத் தேடல் அட்டவணையில் சேர்ப்பதில்லை. இந்த நிலையில் முதலில் அந்த மென்பொருளின் சமீபத்திய பட்டியலைத் திறந்து, அங்கிருந்து ஃபைலைத் திறக்க முயலுங்கள். திறந்தால் உடனே எஃப்12 அழுத்தி டாக்குமென்ட்ஸில் சேமித்துவிடுங்கள். தற்காலிக ஃபோல்டர் எப்போது துடைக்கப்படும் என்று சொல்ல முடியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட வேண்டாம். இனிமேல் இணைப்பை முதலில் சேமித்து, பிறகு திறப்பதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஜிப் ஃபைலிலும் இதே ஆபத்து உண்டு. இரட்டைக் கிளிக் செய்தால் சாதாரண ஃபோல்டர் போலவே திறப்பதால், உள்ளே இருப்பதை அப்படியே திறந்து திருத்தத் தோன்றும். திறப்பது தற்காலிக நகல். திருத்தம் ஜிப்புக்குள் போய்ச் சேராது. வலது கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்துப் பிரித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பார்வையைச் சரிசெய்வது

எக்ஸ்ப்ளோரர் ஒரே ஃபோல்டரைப் பல விதமாகக் காட்டும். எதையாவது தேடும்போது 'டீட்டெய்ல்ஸ்' பார்வைதான் வேண்டும். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 6 அழுத்தினால் அது வரும். படங்களைக் கண்ணால் பார்த்து எடுக்க வேண்டுமென்றால் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 2 பெரிய ஐகான்களைக் கொடுக்கும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினாலும் அளவு மாறும். இது தவறுதலாகவும் நடக்கும். 'திடீரென்று எல்லாம் பெரிதாகிவிட்டது' என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

டீட்டெய்ல்ஸ் பார்வையில் மேலே 'நேம்', 'டேட் மாடிஃபைடு', 'டைப்', 'சைஸ்' என்று தலைப்புகள் இருக்கும். 'டேட் மாடிஃபைடு' மேல் ஒரு கிளிக் செய்தால் தேதி வாரியாக அடுக்கும், இன்னொரு கிளிக்கில் வரிசை தலைகீழாகும். பெயர் மறந்த ஃபைலுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஃபைல் பெயர் பாதியில் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் இரண்டு தலைப்புகளுக்கு நடுவில் இருக்கும் கோட்டில் இரட்டைக் கிளிக் செய்யுங்கள், பெயர் முழுவதும் தெரியும் அளவுக்கு அகலம் விரியும்.

தேதிகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'டேட் கிரியேட்டட்' என்பது இந்த இடத்தில் இந்த நகல் உருவான நேரம். 'டேட் மாடிஃபைடு' என்பது உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். ஒரு பழைய ஃபைலைப் பென் டிரைவிலிருந்து இன்று நகலெடுத்தால் முதலாவது இன்றைய தேதியாகும், இரண்டாவது பழையபடியே இருக்கும். ஃபைல் பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்டதுபோலத் தெரிவது இதனால்தான். 'இன்று காப்பி செய்ததைக் காணோம்' என்று தேடுகிறவர்கள் மாடிஃபைடு தேதியில் அடுக்கினால் அது எங்கோ அடியில் கிடக்கும். தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து 'டேட் கிரியேட்டட்' என்பதையும் சேர்த்து, அதில் அடுக்குங்கள். புகைப்படங்களுக்கு 'டேட் டேக்கன்' என்று மூன்றாவது ஒன்று உண்டு. கேமரா படத்துக்குள்ளேயே பதித்த தேதி அது. மெசேஜ் செயலிகள் வழியாக வந்த படங்களில் பெரும்பாலும் இது அழிந்திருக்கும்.

அதே தலைப்புகளின் மேல் மவுஸை வைத்தால் வலது ஓரத்தில் ஒரு சிறிய கீழ் அம்புக்குறி எட்டிப்பார்க்கும். அதைக் கிளிக் செய்தால் குறிப்பிட்ட தேதி, குறிப்பிட்ட வகை என்று வடிகட்டலாம். மிகப் பயனுள்ள வசதி, கவனம் தேவைப்படும் வசதியும்கூட. போட்ட வடிகட்டியை மறந்துவிட்டால் மற்ற ஃபைல்கள் எல்லாம் காணாமல் போனதுபோல் இருக்கும். தலைப்பில் ஒரு டிக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வடிகட்டி இயங்குகிறது. அம்புக்குறியைத் திறந்து டிக்கை எடுத்துவிடுங்கள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் 'இன்று', 'கடந்த வாரம்' என்று குழு குழுவாகப் பிரிந்து இருப்பது பிடிக்கவில்லையென்றால், காலியிடத்தில் வலது கிளிக், 'குரூப் பை', 'நன்' என்று மாற்றிவிடலாம். நாங்கள் அப்படியே விடச் சொல்வோம். இறக்கியவற்றைத் தேட அந்தப் பிரிப்பு நன்றாகவே உதவுகிறது.

ஆல்ட் + பி அழுத்தினால் வலப்பக்கம் பிரிவியூ பகுதி திறக்கும். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மூடாமல், அம்புக்குறியில் இறங்கிக்கொண்டே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். 'ஸ்கேன்' என்றும் 'டாக்குமென்ட்' என்றும் எண்ணோடு குவிந்து கிடக்கும் ஐம்பது ஃபைல்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க இதைவிட வேகமான வழி கிடையாது. பிடிஎஃப்புக்கு உள்ளடக்கம் தெரியாவிட்டால், பிரிவியூ காட்டத் தெரிந்த பிடிஎஃப் மென்பொருள் நிறுவப்படாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு ஃபோல்டரைத் திறந்தால் முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஃபைல்கள் வர நேரமாகிறது என்றால், விண்டோஸ் அதைப் படங்களின் ஃபோல்டர் என்று எண்ணி ஒவ்வொன்றின் விவரத்தையும் படித்துக்கொண்டிருக்கலாம். ஃபோல்டர் மேல் வலது கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'கஸ்டமைஸ்' என்று போய், 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றுங்கள். ஆயிரக்கணக்கான ஃபைல்கள் உள்ள ஃபோல்டரில் வேறுபாடு உடனே தெரியும்.

விண்டோஸ் மறைப்பவை

விண்டோஸ் இயல்பாகவே இரண்டை மறைக்கிறது: ஃபைல் பெயரின் வால் பகுதியான எக்ஸ்டென்ஷனையும், மறைவான ஃபைல்களையும். விண்டோஸ் 11-இல் மேலே 'வியூ', அதில் 'ஷோ' என்று போனால் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்', 'ஹிடன் ஐட்டம்ஸ்' இரண்டும் இருக்கும். விண்டோஸ் 10-இல் 'வியூ' டேப்பில் டிக் பெட்டிகளாகவே இருக்கும்.

எக்ஸ்டென்ஷனை எப்போதும் காட்டும்படி வைத்துவிடுங்கள். ஒரே ஃபோல்டரில் 'அறிக்கை', 'அறிக்கை' என்று இரண்டு இருந்தால் எது வேர்டு, எது பிடிஎஃப் என்று புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பாதுகாப்புக்கும் இது முக்கியம். 'பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ' என்று ஒரு ஃபைல் மெயிலில் வந்தால், வால் மறைந்திருக்கும் கணினியில் அது 'பில்.பிடிஎஃப்' என்றுதான் தெரியும். திறந்தால் ஓடுவது மென்பொருள். எந்த வகையாகத் திறப்பது என்பதைக் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வைத்தே விண்டோஸ் தீர்மானிக்கும். எக்ஸ்டென்ஷன் தெரியும்போது பெயர் மாற்ற எஃப்2 அழுத்தினால் பெயர்ப் பகுதி மட்டுமே தேர்வாகும், வாலைத் தொட வேண்டாம். வாலை மாற்றினால் உள்ளே இருப்பது வேறு வகையாக மாறிவிடாது, திறக்க மறுக்கும், அவ்வளவுதான். பழைய வாலைத் திரும்பக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பென் டிரைவை வேறு கணினியில் போட்டுவிட்டு வந்தபின் எல்லா ஃபோல்டர்களும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வைரஸ் வேலை. ஃபோல்டர்கள் அழியவில்லை, அவற்றை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அந்த ஷார்ட்கட்களில் ஒன்றையும் இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள், செய்தால் உங்கள் கணினியிலும் ஒட்டிக்கொள்ளும். 'ஹிடன் ஐட்டம்ஸ்' போட்டாலும் இவை தெரியாமல் போகலாம், ஏனென்றால் சிஸ்டம் ஃபைல் என்றும் முத்திரை குத்தியிருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' டேப்பைத் திறந்து, 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் டிக்கை எடுங்கள். மங்கலான நிறத்தில் அசல் ஃபோல்டர்கள் தெரியும். சில நேரம் எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும். உள்ளே இருக்கும் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் கணினிக்கு எடுத்துக்கொண்டு, ஆன்டிவைரஸ் ஓட்டி, பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். வேலை முடிந்ததும் எடுத்த டிக்கைத் திரும்பப் போடுவது அவசியம். இல்லையென்றால் விண்டோஸுக்குத் தேவையான ஃபைலையே தேவையில்லாதது என்று அழித்துவிட நேரலாம்.

இன்னொரு மறைப்பு, ஃபைலைத் திறக்கும் பெட்டியில் நடக்கிறது. எக்செலுக்குள் இருந்து 'ஓபன்' கொடுத்தால் எக்செல் வகை ஃபைல்கள்தான் தெரியும். அதே ஃபோல்டரில் இருக்கும் டெக்ஸ்ட் ஃபைல் தெரியாது. பெட்டியின் கீழே வலப்பக்கம் ஃபைல் வகை குறித்திருக்கும் இடத்தை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் எல்லாம் வந்துவிடும். ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பெட்டிகள் இன்னும் ஒரு படி மேலே: அவை ஃபோல்டர்களை மட்டுமே காட்டும். நூறு படங்கள் இருக்கும் ஃபோல்டர்கூட அங்கே காலியாகத் தெரியும். பதற வேண்டியதில்லை.

தேடும் பெட்டி

எக்ஸ்ப்ளோரரில் எஃப்3 அல்லது கண்ட்ரோல் + எஃப் அழுத்தினால் வலது மேல் மூலையில் இருக்கும் தேடும் பெட்டிக்குப் போகலாம். அது நீங்கள் நிற்கும் ஃபோல்டரையும் அதன் உள்ளே இருப்பவற்றையும்தான் தேடும். டாக்குமென்ட்ஸில் நின்றுகொண்டு டவுன்லோட்ஸில் இருப்பதைத் தேடினால் கிடைக்காது. இடம் தெரியாவிட்டால் உங்கள் கணக்கின் ஃபோல்டரில் நின்று தொடங்குங்கள். அதிலும் இல்லையென்றால் மட்டும் 'திஸ் பிசி'.

சில இடங்களில் விடை நொடியில் வருகிறது, சில இடங்களில் நிமிடக்கணக்கில் இழுக்கிறது. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல விண்டோஸ் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதில் சேர்ந்த ஃபோல்டர்களில் பெயர் மட்டுமல்ல, வேர்டு, பிடிஎஃப் போன்றவற்றின் உள்ளே இருக்கும் சொற்களும் உடனே கிடைக்கும். சேராத டிரைவ்களை ஒவ்வொரு ஃபைலாகப் புரட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் பெயரை மட்டுமே பார்க்கும். உங்கள் வேலை எல்லாம் டி டிரைவில் இருக்கிறது என்றால் அதை அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். 'செட்டிங்ஸ்' திறந்து, அதன் தேடும் பெட்டியில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டி, கிடைப்பதைத் திறந்து 'மாடிஃபை' கொடுத்தால் டிரைவ்களின் பட்டியல் வரும். சேர்த்ததும் அட்டவணை உருவாகச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை விடைகள் குறைபட்டே வரும். இருக்கும் ஃபைலே தேடலில் வரவில்லை என்றால் அதே பெட்டியில் 'அட்வான்ஸ்டு', 'ரீபில்டு' என்று அட்டவணையைப் புதிதாகக் கட்டலாம்.

பெயரில் கொஞ்சம்தான் நினைவிருக்கிறது என்றால் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்துங்கள். அது எத்தனை எழுத்துக்கும் ஈடு. கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்கு ஈடு. தேடல் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தை வைத்தே பொருத்துகிறது. அதனால் சொல்லின் நடுப்பகுதியோ கடைசிப் பகுதியோ மட்டும் தெரிந்தால் அதன் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுங்கள். நட்சத்திரம், புள்ளி, பிறகு எக்ஸ்டென்ஷன் என்று தட்டினால் அந்த வகை ஃபைல்கள் அனைத்தும் வரும். இதைச் செய்துவிட்டு டேட் மாடிஃபைடில் அடுக்குவது, பெயரே தெரியாத ஃபைலுக்கு மிகச் சிறந்த வழி.

தேடியபின் விண்டோஸ் 11-இல் 'சர்ச் ஆப்ஷன்ஸ்' என்ற மெனுவும், விண்டோஸ் 10-இல் 'சர்ச்' டேப்பும் தோன்றும். தேதி, வகை, அளவு மூன்றையும் அங்கே கிளிக்கிலேயே தேர்வு செய்யலாம். டிரைவ் நிரம்பிவிட்டதா? சி டிரைவில் நின்று அளவில் 'ஜைகான்டிக்' என்பதைத் தேர்வு செய்தால் 4 ஜிபிக்கு மேற்பட்டவை மட்டும் வரும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பவற்றைத் தொடாமல், பழைய வீடியோக்களையும் மறந்துபோன இறக்கங்களையும் அங்கிருந்தே அடையாளம் காணலாம்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களுக்கு ஒரு தனிக் கவனம். 'கொ' என்ற எழுத்தை, கணினிகள் எழுத்துகளைப் பதியும் பொது முறையான யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, எகரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு. வேறு கீபோர்டில் தட்டிய பெயர் உங்கள் தேடலில் சிக்காமல் போனால், ஒ, ஓ வரிசை எழுத்து இல்லாத பகுதியை மட்டும் தட்டித் தேடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய ஆவணங்களின் கதை வேறு. அவற்றின் உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகள். தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டுமே இருக்கிறது. உள்ளடக்கத்தில் தமிழ்ச் சொல்லை யூனிகோடில் தட்டித் தேடினால் ஒருபோதும் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றி வைப்பதே தீர்வு.

அடிக்கடி பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் 'எவ்ரிதிங்' என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபைல் அமைப்பு) டிரைவின் ஃபைல் அட்டவணையையே நேரடியாகப் படிப்பதால், தட்டத் தட்ட விடை வரும். உள்ளடக்கத்தைத் தேட அது ஏற்றதல்ல. பெயருக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

இருக்கிறது, திறக்கவில்லை

ஒன்ட்ரைவ் ஃபோல்டரில் ஃபைல் பக்கத்தில் நீல மேகம் இருந்தால் அதன் பெயர் மட்டுமே உங்கள் கணினியில் இருக்கிறது, உள்ளடக்கம் இணையத்தில். பச்சை டிக் இருந்தால் கணினியிலும் இருக்கிறது. பயணத்துக்கு முன் தேவையான ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பிராப்பர்ட்டீஸில் 'சைஸ் ஆன் டிஸ்க்' பாருங்கள்: ஃபைலுக்கு அளவு காட்டி, டிஸ்க்கில் பூஜ்யம் என்று இருந்தால் அது இணையத்தில்தான் இருக்கிறது.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போய், பெயர்களும் நீளமாக இருந்தால் முழு முகவரி 260 எழுத்துகளைத் தாண்டிவிடும். அப்போது நகலெடுக்கவோ திறக்கவோ எக்ஸ்ப்ளோரர் மறுக்கும். உள்ளே இருக்கும் ஃபைலோடு போராடாமல், மேலே இருக்கும் ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்குங்கள். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைப் புதியதில் இணைத்துத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால், அட்மின் கணக்கில் நுழைந்து 'கன்டினியூ' கொடுங்கள். அனுமதி மாறி முடிய, ஃபைல்களின் எண்ணிக்கையைப் பொறுத்து நேரமாகும், நடுவில் நிறுத்தாதீர்கள்.

மேக்கில்

மேக்கில் எக்ஸ்ப்ளோரரின் இடத்தில் ஃபைண்டர் இருக்கிறது. முதல் வேலையாக ஆப்ஷன் + கமாண்ட் + பி அழுத்தி அடியில் முகவரிப் பட்டையை வரவழைத்துக்கொள்ளுங்கள். கமாண்ட் + ஸ்பேஸ் ஸ்பாட்லைட் தேடலைத் திறக்கும். ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் திறக்காமலே உள்ளே பார்க்கலாம். இந்த வசதி விண்டோஸின் பிரிவியூவைவிட நன்றாகவே இருக்கிறது. மறைவான ஃபைல்களுக்கு கமாண்ட் + ஷிஃப்ட் + புள்ளி. ஃபைண்டரின் தேடல் இயல்பாக மேக் முழுவதையும் தேடும். நிற்கும் ஃபோல்டரை மட்டும் தேட வேண்டுமென்றால் ஃபைண்டர் செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு' பகுதியில் மாற்றலாம்.

நிஜமாகவே அழிந்திருந்தால்

ஒரு ஃபோல்டர் கண்ணெதிரே மறைந்தது என்றால் பெரும்பாலும் மவுஸ் நழுவிப் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்திருக்கும். வேறு எதையும் செய்யாமல் கண்ட்ரோல் + இசட் அழுத்துங்கள், பழைய இடத்துக்கு வந்துவிடும். பெயர் மாற்றியதையும், அழித்ததையும்கூட இதே விசை திருப்பித் தரும்.

ரீசைக்கிள் பின்னைத் திறந்து டீட்டெய்ல்ஸ் பார்வைக்கு மாற்றினால் 'ஒரிஜினல் லொகேஷன்', 'டேட் டெலிட்டட்' என்ற தலைப்புகள் தெரியும். பெயர் மறந்திருந்தாலும் எந்த ஃபோல்டரிலிருந்து எப்போது போனது என்று பார்த்து எடுக்கலாம். வலது கிளிக் செய்து 'ரீஸ்டோர்' கொடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பும். பென் டிரைவிலும் நெட்வொர்க் டிரைவிலும் அழித்தவை ரீசைக்கிள் பின்னுக்கு வராது. ஷிஃப்ட் + டெலிட் கொடுத்தவையும் வராது. ஒன்ட்ரைவில் இருந்த ஃபைல் என்றால் அதன் இணையதளத்தில் தனி ரீசைக்கிள் பின் உண்டு. தனிநபர் கணக்குகளில் 30 நாள் வரை அங்கே இருக்கும்.

எங்கும் இல்லையென்றால் அந்த டிரைவைப் பயன்படுத்துவதை அப்போதே நிறுத்திவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் அழித்த ஃபைலின் தரவு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அப்படியே இருக்கும். சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி அப்படியல்ல, அழித்த இடங்களை 'ட்ரிம்' என்ற ஏற்பாடு தானாகவே துடைத்துவிடுவதால் மீட்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. மீட்பு மென்பொருளை ஃபைல் இருந்த டிரைவில் நிறுவாதீர்கள். வேறு கணினியில் இறக்கி, பென் டிரைவிலிருந்து ஓட்டி, மீட்டவற்றை மூன்றாவது ஓர் இடத்தில் சேமியுங்கள்.